ஒரு ஷேர்கூட இல்லாத கம்பெனியைக் கணக்கில் சேர்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கிண்டி ஆடிட்: உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கன்சாலிடேஷன், அதாவது அதன் கன்ட்ரோலில் இருக்கும் கம்பெனிகளின் கணக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது. பெயின்டிங் வேலை முழுக்க ஒரே வெண்டரிடம் போகிறது. அதன் ஷேர்கள் எம்.டி.யின் மைத்துனர் பெயரில். "நமக்கு அதில் ஒண்ணுமே இல்ல சார்" என்றார் ஃபைனான்ஸ் மேனேஜர். சரி, வெண்டரின் பேங்க் பேலன்ஸைக் காட்டச் சொன்னேன். லாகின் போட்டதும் ஓ.டி.பி. வந்தது ஃபைனான்ஸ் மேனேஜர் போனுக்கே! இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மயிலை: ஓ.டி.பி. வந்தால் கன்ட்ரோல் ஆகிவிடுமா? கணக்கு எழுதிக் கொடுப்பவர் போனுக்கும்தான் வரும். யார் கணக்கைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 110 மூன்றையும் சேர்த்துக் கேட்கிறது: முக்கிய முடிவெடுக்கும் அதிகாரம், ஏறி இறங்கும் வருமானத்தில் பங்கு, அந்த அதிகாரத்தால் வருமானத்தை மாற்ற முடிவது. பழைய ஏஎஸ் 21 மாதிரி பாதிக்கு மேல் ஓட்டு, இல்லாவிட்டால் போர்டு என்று பார்த்து முடிக்க முடியாது. நான் இருந்த என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) வண்டிக் கடன்களை ஒரு டிரஸ்டுக்கு விற்றது. முதலில் விழும் நஷ்டம் எங்களுடையது. ஆடிட்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தவணை நின்றால் வண்டியைத் தூக்கப் போவது யார்?" நாங்கள்தான். நஷ்டமும் எங்களுக்கு, அதிகாரமும் எங்களிடம்; டிரஸ்டைச் சேர்த்தாயிற்று.

தாம்பரம் சி.ஏ.: எங்களுடையது ஊழியர்களுக்கு ஷேர் கொடுப்பதற்கான வெறும் ஈசாப் டிரஸ்ட், அதில் கதை ஒன்றும் இல்லை. ஆனால் கிண்டி சார், முதலில் அக்ரிமென்ட்டை வாங்குங்கள். விலை, ஆள் நியமனம், கடன் எல்லாம் யார் முடிவு? கேரண்டி யாருடையது? மைத்துனர் தன் இஷ்டப்படி நடப்பவரா, கம்பெனிக்காகத் தலையாட்டுபவரா என்பதையும் 110 பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க எரிசக்தி கம்பெனி என்ரானில் 3 சதவீதம் வெளியார் பணம் இருந்தால் போதும் என்றுதான் எத்தனையோ அமைப்புகளைக் கணக்குக்கு வெளியே வைத்தார்கள். 2001-ல் அது வெடித்த பிறகே, 2003-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட அமைப்புகளைச் சேர்ப்பது பற்றிய எஃப்ஐஎன் 46 விதி வந்தது. அலிபாபா 2014-ல் நியூயார்க்கில் லிஸ்ட் ஆனபோது, சீனாவில் லைசென்ஸ் வைத்திருந்த கம்பெனிகளை ஒப்பந்தங்களை வைத்துத்தான் சேர்த்துக் காட்டியது. அப்புறம், சேர்க்காவிட்டாலும் ஏன் சேர்க்கவில்லை என்ற முடிவை இண்ட் ஏஎஸ் 112-ன்படி கணக்கின் நோட்ஸில் எழுத வேண்டி வரலாம். அதை மேனேஜ்மென்ட்டிடமே எழுதி வாங்குங்கள்.

கிண்டி ஆடிட்: மயிலை சார், ஓ.டி.பி.யை வைத்து மட்டும் யார் சேர்த்தார்கள்? அக்ரிமென்ட் கேட்டேன். வெண்டர் கையெழுத்து போட்டிருந்தார், தேதிதான் காலியாக இருந்தது.