திருச்செந்தூர் – கன்னியாகுமரி கடற்கரை நடை: 5 நாளில் முடியுமா? கூடாரம் தேவையா?

நெடுநடை:
வணக்கம். திருச்செந்தூரில் தொடங்கி கன்னியாகுமரி வரை கடலோரமாகவே நடக்க நாங்கள் மூன்று பேர் திட்டம் போடுகிறோம். சாலைக் கணக்கில் 85–90 கிமீ. ஒரு நாளைக்கு 18 கிமீ வீதம் 5 நாள் என்று வைத்திருக்கிறோம். மூவருமே மலையேற்றம் போய்ப் பழகியவர்கள். மணலில் நாள் கணக்கில் நடந்தது கிடையாது. கேட்க வேண்டியது மூன்று விஷயம். எந்த மாதம் நல்லது? இரவு கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கலாமா? எந்த இடத்தில் கரையை விட்டுச் சாலைக்கு ஏற வேண்டிவரும்? கூடங்குளம் தெரியும், வேறு ஏதாவது உண்டா?

தேரிமணல்:
மாதத்தை முதலில் முடிவு பண்ணுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தை பாதியிலிருந்து மாசி முடிய, அதாவது ஜனவரி கடைசி முதல் மார்ச் பாதி வரை. அந்த நாட்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். நீங்கள் போவது தென்மேற்கு. காற்று முதுகில் தள்ளும். இதையே ஆனி, ஆடியில் நடந்தால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எதிரே நின்று அடிக்கும். மணல் பறந்து முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் இருக்கும், கண்ணாடி இல்லாமல் கண் திறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை; ஆற்று முகம் எல்லாம் உடைத்துக்கொண்டு கிடக்கும். சித்திரை, வைகாசியில் வெயிலோடு கள்ளக்கடலும் சேர்ந்துகொள்ளும்.

கள்ளக்கடலை லேசாக எடுக்காதீர்கள். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறுவது அது. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அதனால்தான் ஆள் ஏமாறுகிறான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் இறந்தது இப்படிப்பட்ட அலையில்தான். ஹைதராபாதில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை போடும். கிளம்பும் முன்னும் ஒவ்வொரு இரவும் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்று சாலை, விவாதமே வேண்டாம்.

அடுத்து கடல் நீர் ஏறி இறங்கும் ஏத்தம், வத்தம். இந்தப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் உங்களுக்கு அது முக்கியம். நீர் வற்றியபோது வெளியே தெரியும் ஈர மணலில் மணிக்கு 4 கிமீக்கு மேல் போகலாம். அது மூடிவிட்டால் மேலே பொதபொத மணலில் இரண்டரை, மூன்றுக்கு மேல் வராது. வத்தம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 6 மணிக்கு வத்தம் வருகிற தேதியைப் பிடித்தால், 5ஆம் நாள் 9:20க்கு வரும். ஐந்து நாளும் காலை நடைக்குள் அடங்கிவிடும். அட்டவணை பார்த்துத் தேதியைக் குறியுங்கள், விடுமுறை பார்த்து அல்ல.

தைப்பூசத்தை ஒட்டிப் போகவேண்டாம். பாதயாத்திரைக் கூட்டத்தில் திருச்செந்தூரில் அறை கிடைக்காது.

உடன்குடிக்காரன்:
கூடாரம் வேண்டாம் தம்பி. சட்டம், காவல் எல்லாம் அப்புறம். முதல் காரணம், ஊருக்கு அருகிலுள்ள கரை யாருக்கும் சொந்தமில்லாத இடம் இல்லை. விடியுமுன் மூன்று, நாலு மணிக்கே படகு இறங்கும், வள்ளம் இழுக்கும் பாதையில் கூடாரம் இருந்தால் நியாயமாகவே திட்டு விழும். ஊரை விட்டுத் தள்ளிப் போட்டால் கடலோரக் காவல் போலீஸ் வந்து எழுப்புவார்கள். அணுமின் நிலையமும் ஏவுதளமும் இருக்கிற கரை இது. இரவில் விளக்கு தெரிந்தால் விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

அதற்குப் பதில் பஸ்ஸை நம்புங்கள். கடலோர ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் திருச்செந்தூர்–கன்னியாகுமரி சாலை சில கிமீ தூரம்தான், அதில் நாள் முழுக்க பஸ் உண்டு. தங்க நிச்சயமாக இடம் கிடைப்பது மூன்று ஊர்: திருச்செந்தூர், உவரி, கன்னியாகுமரி. மூட்டையை அறையில் வைத்துவிட்டு அன்றைக்கு வேண்டியதை மட்டும் தூக்கிக்கொண்டு நடங்கள். முடித்த இடத்திலிருந்து பஸ்ஸில் திரும்புங்கள், மறுநாள் அதே இடத்துக்கு பஸ்ஸில் போய்த் தொடருங்கள். முதுகில் 10 கிலோவுக்குப் பதில் 4 கிலோ. மணலில் அந்த 6 கிலோதான் முழங்காலைத் தின்னும்.

கணக்கு இப்படி வரும். முதல் நாள் திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலை, குலசேகரப்பட்டினம் வழியாக மணப்பாடு, 16 கிமீ சொச்சம், இரவு திருச்செந்தூரிலேயே. இரண்டாம் நாள் மணப்பாடு முதல் பெரியதாழை, நேராக 12 என்றாலும் சுற்று உண்டு, கீழே சொல்கிறேன், இரவு உவரி. மூன்றாம் நாள் பெரியதாழை–உவரி, அதுவும் 12 போல, வேண்டுமென்றேதான் குறைவாக வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள்தான் கால் பேச ஆரம்பிக்கும். நாலாம் நாள் உவரியிலிருந்து இடிந்தகரை, 20க்கு மேல், இதுதான் நீளம். அன்று பஸ்ஸில் கன்னியாகுமரி போய்த் தங்குங்கள். ஐந்தாம் நாள் கூட்டப்புளியில் இறங்கி வட்டக்கோட்டை, சின்னமுட்டம் வழியாகக் குமரி.

உவரி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் வரும், திருவிழா நாட்களில் கேட்கவே வேண்டாம். அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் மற்ற நாள் விடியற்காலையில் கரையில் கிடைக்கும் டீயும் வழி சொல்ல ஆளும் அன்று இருக்காது. குறுகிய நாளை ஞாயிறில் வையுங்கள்.

கரையை விட்டு ஏறவேண்டிய இடங்கள்:

குலசேகரப்பட்டினத்துக்கும் பெரியதாழைக்கும் நடுவே இஸ்ரோ ஏவுதளத்துக்கு எடுத்த நிலம். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியது முதல் வேலை நடக்கிறது. வேலி எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மணப்பாட்டில் மீனவர்களைக் கேளுங்கள். கரை திறந்திருப்பதுபோல் தெரிந்தாலும் பலகையோ வேலியோ கண்டால் திரும்பிச் சாலைக்கு வந்துவிடுங்கள்.

மணப்பாட்டை ஒட்டி கருமேனியாற்றுக் கழி (ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்), உவரிப் பகுதியில் நம்பியாறு. மாசியில் பெரும்பாலும் மணல் திட்டு அடைத்து, நடந்தே தாண்டலாம். திறந்திருந்தால் இறங்காதீர்கள். முழங்கால் ஆழம்தானே என்று தெரியும், ஆனால் வற்றும் நேரத்தில் கழித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் வேகத்தில் காலடி மணல் கரையும். சாலை வழியாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

கூடங்குளத்தில் பேச்சே இல்லை. இடிந்தகரையிலிருந்து கூடங்குளம் ஊர், அங்கிருந்து செட்டிகுளம், பிறகு கூட்டப்புளிக்கு இறங்க வேண்டும். தார்ச்சாலையில் அரை நாள் நடை, நிழல் கிடையாது. ஒரு அடிகூட விடாமல் நடந்தே தீருவோம் என்றால் அதற்கு ஆறாவது நாளைச் சேருங்கள். இல்லையென்றால் பஸ்.

வட்டக்கோட்டையில் கோட்டைச் சுவர் கடல்வரை வருகிறது; பாறை வழியாகச் சுற்றாமல் மேலே சாலையைப் பிடியுங்கள். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகமும் அப்படியே. இவை போக, ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு, அதாவது அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு, இருக்கும். அந்தக் கல்லின் மேல் ஏறித் தாண்ட நினைக்காதீர்கள்; பாசி வழுக்கும், இடுக்கில் கால் சிக்கினால் கணுக்கால் போச்சு. தெருவுக்குள் ஏறி மறுபக்கம் இறங்க ஐந்து நிமிடம்.

நெடுநடை:
பஸ் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணே. அப்படியானால் தூக்கிப்போகும் 4 கிலோவில் என்னென்ன? காலுக்கு ஷூவா, செருப்பா? வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

வாடைக்காற்று:
வெறுங்கால் வேண்டாம். ஊர் அருகே கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள், காய்ந்த கெளுத்தி முள் எல்லாம் மணலுக்குள் கிடக்கும். கெளுத்தி முள் குத்தினால் அன்றோடு நடை முடிந்தது.

ஷூ என்றால் வலைத்துணி போட்ட பழைய ஓட்ட ஷூ, வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிது. மணல் உள்ளே போகும், தடுக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் கழற்றித் தட்டுங்கள். சோம்பல்பட்டு இரண்டு மணி நேரம் விட்டால் சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் நிச்சயம். குதிகால், சுண்டுவிரல், பெருவிரல் பக்கம் மூன்றிலும் கிளம்பும் முன்பே மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள், சிவந்த பிறகு அல்ல. மணல் ஒட்டிய தோலில் டேப் நிற்காது, அறையிலேயே ஒட்டிவிடவேண்டும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ஊறவைக்கும். செருப்பில் மணல் தானாக விழுந்துவிடும் என்பது உண்மை, ஆனால் உப்பும் மணலும் சேர்ந்து வார் பட்ட இடத்தைத் தேய்த்துவிடும். என் கணக்கில் ஷூதான் மேல்.

யாரும் சொல்லாத ஒன்று: கரையின் சரிவு. வடக்கிலிருந்து தெற்கே போகும்போது கடல் எப்போதும் இடது பக்கம். ஈர மணல் கடலை நோக்கிச் சாய்ந்தது. ஆகவே 80 கிமீக்கும் உங்கள் இடது கால் கொஞ்சம் பள்ளத்திலேயே விழும். இரண்டாம் நாள் மாலை முழங்காலின் வெளிப்பக்கமோ இடுப்போ வலிக்கும். பலர் ஷூவைக் குறை சொல்வார்கள். இந்தப் பக்கத்துக் கரை பல இடத்தில் செங்குத்தாகவே இறங்கும், அங்கே இன்னும் மோசம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி, மேலே சமதளத்திலோ ஊர்ச் சாலையிலோ நடந்து இடுப்பை நேராக்குங்கள். செங்குத்துக் கரையில் அலை நுனியில் நடக்கவும் கூடாது. போன அலை விட்ட குப்பை வரிசை இருக்கும் அல்லவா, அதற்கு மேலேயே நில்லுங்கள்.

நேரம்: 6 மணிக்கு வெளிச்சம் வரும்போதே கிளம்பி 10:30க்கு நிறுத்துங்கள். மிச்சம் இருந்தால் 3:30க்குப் பிறகு. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மாதம் என்பதால் பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பின்கழுத்தை மறைக்கும் தொப்பியைவிட முன்விளிம்பு அகலமான தொப்பி உதவும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர் காலை நடைக்கு. கரையோரக் கிணறுகளில் பல இடத்தில் உப்பு. அடுத்த ஊரில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு லிட்டரோடு கிளம்பாதீர்கள், முக்கியமாக உவரி–இடிந்தகரை நாளில். அந்த மூன்று லிட்டரில் ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைசலாக இருக்கட்டும். பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கலக்கவேண்டும். கூட்டிக் குறைத்தால் பயன் போய்விடும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டருக்கு தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடிக்க உடன்குடிக் கருப்பட்டியும் வறுத்த கடலையும் போதும், சாக்லேட் உருகும்.

மீதி எடை: ஒரு மாற்று சாக்ஸ், விசில், சிறு டார்ச், பவர் பேங்க், ஆதார் நகல், முழங்கால்வரை மறைக்கும் துண்டு ஒன்று. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரால் அல்ல. நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் இழை இன்னும் விஷம் விடும். இழையைத் துண்டாலோ அட்டையாலோ எடுங்கள், விரலால் வேண்டாம்.

தேரிமணல்:
இரண்டு சேர்க்கை. ட்ரோன் கொண்டுவராதீர்கள், கூடங்குளம் சுற்றுவட்டாரத்தில் படம் எடுக்கவும் வேண்டாம். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காவல் இருக்கும் இடம். செல்பேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டு அரை நாளை வீணடிப்பார்கள். அவசரத்துக்கு கடலோரக் காவல் எண் 1093, மூன்று பேர் போனிலும் இருக்கட்டும்.

அப்புறம், காலையில் ஊர்களை ஒட்டிய கரையில் ஆட்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குவது உண்டு. 6லிருந்து 7 மணிக்குள் ஊரைக் கடக்கவேண்டி வந்தால் கரையில் போகாமல் தெரு வழியாகப் போய்விடுங்கள். உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் சங்கடம் இல்லை. காயப்போட்ட வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். "கழி திறந்திருக்கா அண்ணாச்சி?" என்று வலை பின்னுகிறவரிடம் கேட்டால் நேற்றைக்கு எவ்வளவு ஆழம் இருந்தது என்பதுவரை சொல்வார்.

நெடுநடை:
மாசி அமாவாசையை ஒட்டி வத்த அட்டவணை பார்த்துத் தேதி குறிக்கிறோம். கூடங்குளம் சுற்றை நடந்தே முடிக்க ஆறாவது நாளையும் சேர்த்தாயிற்று. உவரி அறைக்கு இன்றே போன் பண்ணுகிறோம்.