'கெயின்' குமிழுக்கு 'ஊட்டம்': சின்ன கிட்டார் பெருக்கிகளை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பயிற்சி செய்வதற்கான சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத வேண்டும், அதற்கு முதலில் சொற்கள் வேண்டும் என்று இங்கே பேச்சு தொடங்கியது. ஆம்ப்ளிஃபயர் என்ற ஒன்றுக்கே ஒலிபெருக்கி, பெருக்கி, விரியலாக்கி என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. கெயினைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பினாங்கில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித் தருபவன் என்ற முறையில் சொல்கிறேன், வாங்குபவர்கள் குழம்புவது அந்த இடத்தில்தான்.

ஆம்ப்ளிஃபயரை முதலில் முடித்துவிடலாம். ஒலிபெருக்கி என்றால் இங்கே யாருக்கும் கோயில் திருவிழாவில் கட்டும் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும். கிட்டார் பெட்டிக்குள் ஸ்பீக்கரும் இருக்கிறது, அதை இயக்கும் மின்சுற்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் "ஸ்பீக்கர் 3 அங்குலம், ஆம்ப்ளிஃபயர் 3 வாட்" என்ற எளிய வாக்கியத்தைக்கூட எழுத முடியாது. விரியலாக்கி இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல், அங்கே படித்தவர்களுக்குக் குறையில்லை. ஆனால் மலேசியாவில் அது யார் காதிலும் விழுந்ததில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலின் 'பெருக்கி'யே போதும் என்பது என் கருத்து. 'வீட்டுப் பெருக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது துடைப்பத்தை நினைவூட்டும், வேண்டாம். 'பயிற்சிப் பெருக்கி' என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரி, கெயினுக்கு வருவோம். பாஸ் நிறுவனத்தின் கட்டானா மினி என்ற சின்னப் பெருக்கியின் மேல்பலகையைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குள் கெயின் ஒரு குமிழ், வால்யூம் இன்னொரு குமிழ். புதிதாகப் படிக்க வரும் பிள்ளை இரண்டையும் திருப்பிப் பார்க்கிறது, இரண்டிலும் சத்தம் கூடுகிறது. அப்புறம் எதற்கு இரண்டு என்று கேட்கிறது. நியாயமான கேள்வி.

கிட்டார் கம்பியின் அதிர்விலிருந்து கிடைக்கும் மின்குறிப்பு மிகச் சிறியது. அதை முன்பெருக்கிக்குள், அதாவது பெட்டியின் முதல் பெருக்கச் சுற்றுக்குள், எவ்வளவு வலுவாகச் செலுத்துகிறோம் என்பதைக் கெயின் தீர்மானிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் செலுத்தினால் சுற்றால் தாங்க முடியாது. அலையின் முகடும் அகடும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அந்த வெட்டில் புதிய மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) பிறக்கின்றன, ஒலி தடித்து உறுமத் தொடங்குகிறது. வால்யூம் வருவது அதற்குப் பிறகு. உருவாகிவிட்ட ஒலி எவ்வளவு சத்தமாக வெளியே வரவேண்டும் என்பது மட்டுமே அதன் வேலை.

பழைய பெருக்கிகளில் இந்தப் பிரிவே கிடையாது. 1950களின் ஃபெண்டர் சாம்ப் சுமார் 5 வாட் வால்வுப் பெருக்கி (வெற்றிடக் குழாய்களில் இயங்குவது), அதில் இருந்தது ஒரே ஒரு வால்யூம் குமிழ். உறுமல் வேண்டுமென்றால் சத்தத்தையும் ஏற்றியே ஆகவேண்டும். மார்ஷல் நிறுவனம் 1975இல் மாஸ்டர் வால்யூம் வைத்த பெருக்கிகளைக் கொண்டுவந்தபோது, முன்பெருக்கியை நன்றாக உசுப்பிவிட்டு வெளியே வரும் சத்தத்தைத் தனியாகக் குறைக்க வழி கிடைத்தது. இன்று பினாங்கின் ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ அடுக்குமாடி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு உறுமலோடு வாசிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் இந்த இரண்டு குமிழ்களும் தனித்தனியாக இருப்பதுதான். ஆகவே பெயரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பாடநூலில் கெயினுக்குப் 'பெருக்கம்' என்று இருக்கிறது. இயற்பியலுக்கு அது சரி. ஆனால் கருவி பெருக்கி, குமிழ் பெருக்கம், சத்தத்தைக் கூட்டுவதும் பெருக்குவது என்றானால் நம் பிள்ளை பழைய கேள்விக்கே திரும்பிவிடும். 'ஈட்டம்', 'ஆதாயம்' இரண்டும் ஆங்கிலச் சொல்லின் வணிகப் பொருளைப் பிடித்துக்கொண்டு வந்தவை. குமிழ் செய்யும் வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

நான் முன்வைப்பது 'ஊட்டம்'. பயிருக்கு உரமூட்டுகிறோம், பிள்ளைக்குச் சோறூட்டுகிறோம். உள்ளே கொடுப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. ஊட்டம் கூடினால் தடிக்கும் என்பதும் தமிழ்க் காதுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். வால்யூமுக்கு 'ஒலியளவு' ஏற்கெனவே கைப்பேசிகளில் புழங்குகிறது, அதை மாற்ற வேண்டாம். மாஸ்டர் வால்யூம் 'முதன்மை ஒலியளவு'. அளவுக்கு மேல் செலுத்தி உறுமவைக்கும் ஓவர்டிரைவ் 'மிகையூட்டம்'. ஆரஞ்சு க்ரஷ் 12இல் கெயினும் ஓவர்டிரைவும் தனித்தனிக் குமிழ்கள், அங்கே ஊட்டம், மிகையூட்டம் என்று அருகருகே எழுதிப் பாருங்கள், உறவு உடனே தெரிகிறது. யமஹா டிஹெச்ஆர்10 இரண்டாம் பதிப்பில் கெயின், மாஸ்டர் இரண்டும் போக, கிட்டாருக்கு ஒரு ஒலியளவு, பாட்டு ஓடவிட இன்னொரு ஒலியளவு. நான்கையும் விளக்கிப் பத்தி எழுதிப் பார்த்தேன். 'பெருக்கம்' வைத்து எழுதியபோது முட்டிக்கொண்டது. 'ஊட்டம்' வைத்ததும் ஓடியது.

அலை வெட்டுப்பட்டு வரும் அந்த உறுமும் ஒலிக்கு, அதாவது டிஸ்டார்ஷனுக்குத் 'திரிபு', 'உருக்குலைவு' என்று எழுதியவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. கெட்டுப்போனது என்ற பொருள் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலைஞன் தேடிப்போய் எடுக்கும் ஒலி இது. 1964இல் தி கிங்க்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் ஒரு சின்னப் பெருக்கியின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டு இதை வரவழைத்தார். தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையில் ஜீவா நூலைச் செருகி ரீங்காரத்தைக் கூட்டுகிறோமே, மேற்சுரங்கள் பெருகட்டும் என்றுதானே செய்கிறோம்? அதை யாரும் திரிபு என்பதில்லை. ஆகவே 'உறுமல்' என்றே எழுதலாம். உருமி மேளம் கேட்டு வளர்ந்த ஊரில் அந்தச் சொல் நன்றாகவே ஒலிக்கும். சுரம் நீண்டு நிற்கும் சஸ்டெயினுக்குக் 'கார்வை' நம் இசையிலேயே கிடக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு பெருக்கிகளின் ஒலியைப் போலச் செய்யும் மாடலிங் பெருக்கிக்குச் 'சாயல் பெருக்கி'.

இனி வாட். 20 வாட் என்றால் 10 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் என்று கடையில் சொல்லி அனுப்புகிறார்கள், வழிகாட்டி இதை அழுத்தமாக மறுக்க வேண்டும். திறன் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 3 வாட் பிளாக்ஸ்டார் ஃப்ளை 3, 7 வாட் கட்டானா மினி, 20 வாட் ஃபெண்டர் சாம்பியன் 20 மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், வாட்டைவிட ஸ்பீக்கரின் அளவே அதிகம் பேசும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஃப்ளையின் 3 அங்குலக் கூம்பால் அந்த அடிச்சுரத்தைச் சரியாகத் தர முடியாது, நாம் கேட்பது பெரும்பாலும் மேற்சுரங்களையே. கட்டானா மினியின் 4 அங்குலமும் ஏறக்குறைய அப்படித்தான். சாம்பியனின் 8 அங்குலத்தில்தான் கொஞ்சம் நெஞ்சு கிடைக்கிறது. முதல் இரண்டும் ஆறு பேட்டரிகளில் ஓடும், பையில் போட்டுக்கொண்டு போகலாம். அறையிலேயே வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு நான் பெரிய கூம்பைத்தான் சொல்வேன்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பெருக்கிகள் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே 100 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்து எண்ணைப் பார்க்காமல் செருகினால் பெருக்கி கருகிவிடும்.

எனக்கு இன்னும் அமையாத சொல் ஹெட்ரூம். ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகும்போது உறுமல் தொடங்குவதற்கு முன் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 'தெளிவு வரம்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் வரம்பு என்பது எல்லைக்கோட்டைத்தான் காட்டுகிறது, அதுவரை உள்ள இடத்தைக் காட்டவில்லை. வேளாண்மைச் சொற்களிலோ மீனவர் வழக்கிலோ பொருத்தமான ஒன்று இருந்தால் எழுதுங்கள். 'ஊட்டம்' கூடாது என்பவர்கள் காரணத்தோடு மாற்றுச் சொல்லையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் அதே யமஹா பத்தியில் வைத்து எழுதிப் பார்த்து இங்கே இடுகிறேன்.

அன்புடன்,
ஜெலுத்தோங்கிலிருந்து