'ஜெர்ரி' படம்: கடைசியில் நண்பனைக் கொன்றது ஏன்?

கேள்வி (தக்கலை):
கஸ் வான் சான்ட் 2002இல் எடுத்த 'ஜெர்ரி' பார்த்தேன். படம் முழுக்க மேட் டேமன், கேசி அஃப்லெக் இருவர்தான். இரண்டு பேருக்கும் பெயர் ஜெர்ரி. பாலைவனத்தில் வழி தவறி 103 நிமிடம் நடக்கிறார்கள். கடைசியில் ஒருவன் மற்றவன் கழுத்தை நெரிக்கிறான். (முடிவைச் சொல்லிவிட்டேன், பார்க்காதவர்கள் திட்ட வேண்டாம்.) முன்பகை கிடையாது. அது கருணையா, வெறியா? கல்லூரி நண்பர்களுக்குப் போட்டுக்காட்ட நினைத்தேன், இப்போது யோசனையாக இருக்கிறது.

பதில் (குலசேகரம்):
தம்பி, காரணத்தை விடுங்கள். காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும் என்பதால் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். பக்கத்து வரிசையில் வெட்டும் கூட்டாளியோடு பேச்சே இருக்காது. தை மாதம் இலை உதிரத் தொடங்கினால் அவன் மிதிக்கிற சருகுச் சத்தம்தான் ஆள் இருப்பதற்கு அடையாளம். அது நின்றால் என் கையும் நின்றுவிடும். "என்னடே?" என்று ஒரு குரல் கொடுப்பேன்.

படத்தில் இரண்டு முகமும் பக்கவாட்டில், நெருக்கமாக, ஒரே ஷாட்டில் நிமிடக்கணக்காக வருமே, அங்கே கேட்பது சரளை நெரிபடும் சத்தம் மட்டும். இருவர் காலடியும் ஒன்றாகச் சேரும், பிசகும், மறுபடி சேரும். அவர்கள் நட்பைப் பற்றி எந்த வசனமும் இவ்வளவு சொல்லவில்லை. பிறகு அதே ஆட்கள் உப்பு வெளியில் முன்னும் பின்னுமாக, ஆளுக்கொரு வேகத்தில் தள்ளாடுவார்கள். கூட்டு முறிந்தது அங்கேதான். கழுத்தை நெரித்தது அதற்கு அப்புறம்.

பாறை உச்சியில் ஒருவன் மாட்டிக்கொள்ள, மற்றவன் கீழே மண்ணை அள்ளிக் குவித்து, அவன் குதிக்க மெத்தை போடுவானே, அந்தக் காட்சிக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேகம் ஓடுகிற ஷாட்டுகள்தான் கொஞ்சம் அதிகம்.

பதில் (நாகர்கோவில்):
அண்ணே, இங்கே பக்கத்துக் காட்டில் இருக்கிற காளிகேசத்துக்குப் போனாலே எங்க அம்மா கட்டுச்சோறும் இரண்டு பாட்டில் தண்ணீரும் தந்துதான் அனுப்புவார்கள். இவர்கள் வெறுங்கையோடு பாலைவனத்தில் இறங்குகிறார்கள்! பாதியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

1999இல் நியூ மெக்சிகோவில், கார்ல்ஸ்பாட் குகைப் பூங்காப் பக்கம் வழி தவறிய இரு நண்பர்களில் ஒருவர் மற்றவரைக் கொன்றார். தாகம் தாங்காமல் அவரே கொல்லச் சொன்னதாக வாக்குமூலம். படத்துக்குத் தூண்டுதல் அந்த வழக்குதான் என்பார்கள். ஆக, என் ஓட்டு கருணைக்கு.

பதில் (குலசேகரம்):
வழக்கில் கேட்டார் என்கிறீர்கள், சரி. படத்தில் யாரும் கேட்கவில்லையே. "நான் கிளம்புகிறேன்" என்று சொல்லிக் கையை நீட்டுகிறான், அவ்வளவுதான். கொன்றவன் எழுந்து நடந்தால் தூரத்தில் நெடுஞ்சாலையில் வண்டிகள் போகின்றன. இதைக் கருணைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தக்கலை தம்பி, கண்டிப்பாகப் போடுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் வேண்டாம். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காலடி காதில் விழாது.

பதில் (தக்கலை):
ஃபேன் இல்லாமல் 103 நிமிடமா அண்ணே? பசங்க என்னைத்தான் நெரிப்பார்கள். மார்கழியில் வைத்துக்கொள்கிறேன்.