மறு: டிரான்ஸ்லொகேஷன் – ‘இடப்பெயர்ச்சி’ போதுமா?

நண்பர்களே,

ஒரு நிறப்புரியின் (குரோமோசோமின்) துண்டு உடைந்து வேறொரு நிறப்புரியில் போய்ச் சேர்வதுதான் டிரான்ஸ்லொகேஷன். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> இடப்பெயர்ச்சி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

இருக்கிறது, ஆனால் அதற்கு வேலை அதிகம். இயற்பியல் பாடநூலில் ஒரு பொருள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதற்கும் அதே சொல்தான். சரி, சூழலை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். என் குறை வேறு: நிறப்புரியில் நடப்பதை அது பாதிதான் சொல்கிறது.

அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி கண்டதை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் குட்டையான ஒரு நிறப்புரியைப் பார்த்தார்கள். பிலடெல்பியா நிறப்புரி என்ற பெயர் அப்படி வந்தது. குட்டையாக இருப்பதால் ஒரு துண்டு அறுந்து தொலைந்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். அன்றைய சாயங்களில் நிறப்புரி முழுக்க ஒரே மாதிரி தெரியும். தொலைந்த துண்டைத் தேட வழியில்லை. அப்புறம் குயினக்ரின் சாயம் வந்தது. புற ஊதா ஒளியில் ஒவ்வொரு நிறப்புரியும் தனக்கே உரிய பட்டைகளோடு ஒளிர்ந்தது. சிகாகோவில் ரௌலி அந்தப் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்தார். (அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.) 22ஆம் நிறப்புரியில் குறைந்த துண்டு 9ஆம் நிறப்புரியின் நுனியில் உட்கார்ந்திருந்தது! 1973இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். இன்னொரு வகை ரத்தப் புற்றில் 8க்கும் 21க்கும் இடையே இப்படி நடப்பதை அதற்கு முன்பே கண்டிருந்தார். 1977இல் 15க்கும் 17க்கும் இடையே இன்னொன்றைக் கண்டார்.

9இலிருந்தும் ஒரு சிறு துண்டு 22க்கு வந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. நோய்க்குக் காரணம் அந்தச் சிறு துண்டுதான். அதிலிருக்கும் ஏபிஎல் மரபணு, 22இல் இருக்கும் பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு மரபணுவிலிருந்து பிறக்கும் டைரோசின் கைனேஸ் நொதி ஓய்வதே இல்லை. செல் பெருகிக்கொண்டே போகிறது. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாடினிப் என்ற மருந்து, இந்த நொதியைத்தான் அடக்குகிறது. ஆக, உடைந்தது, நகர்ந்தது, வேறொன்றோடு சேர்ந்தது என மூன்று நிகழ்வுகள். ‘இடம்’ என்று தொடங்கும் சொல்லில் நகர்ந்தது மட்டுமே இருக்கிறது.

> அப்படியானால் ‘ஒட்டுப்பெயர்ச்சி’ என்றே வைக்கலாமே. ஒட்டியதால்தானே நோய்?

எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் புர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இடிக்கிறது. அங்கே 8ஆம் நிறப்புரியின், செல்லைப் பெருகத் தூண்டும் எம்ஒய்சி மரபணு 14க்குப் போகிறது. புதிய ஒட்டுப் புரதம் எதுவும் பிறப்பதில்லை. எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடியை) ஓயாமல் சுரக்கவைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் விழுவதால் எம்ஒய்சி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அதாவது இங்கே இடம்தான் வினை! இரண்டுக்கும் பொருந்த வேண்டுமானால் விளைவைப் பெயரில் வைக்கக் கூடாது.

> துண்டுமாற்று?

பண்டமாற்று மாதிரி காதுக்கு நன்றாகவே இருக்கிறது. 9–22க்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் ஒருபக்கமாக மட்டும் துண்டு போய்ச் செருகிக்கொள்வதும் உண்டு. அதில் மாற்று ஏது? கொடுத்து வாங்கும் வகைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

> தாவல்?

வேண்டாம். இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும். அது வேறு நிகழ்வு.

என் பரிந்துரை: துண்டுப்பெயர்வு. சுவரில் காரை பெயர்ந்தது என்கிறோம், ஊர்விட்டு ஊர் பெயர்ந்தார் என்கிறோம். உடைந்து கழல்வதும் நகர்வதும் ஒரே வினையில் கிடைக்கின்றன. வினையாகவும் இயல்பாக வரும்: ‘22இலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து 9இல் சேர்ந்தது.’ சேர்ந்தது சொல்லுக்குள் இல்லைதான், வாக்கியம் பார்த்துக்கொள்ளட்டும்.

நிறப்புரியின் இரு பகுதிகளைக் கைகள் என்பார்கள். 14ம் 21ம் தங்கள் நீண்ட கைகளோடு இணைந்து ஒன்றாகும் ராபர்ட்சன் வகையைத் துண்டு என்று சொல்லலாமா என்று மருத்துவ நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கொஞ்சம் நெருடல்தான். ஆனாலும் ஒரு கை முழுவதும் பெயர்ந்தாலும் அது நிறப்புரியின் துண்டுதானே. அதற்காகப் பொதுச்சொல்லையே மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

ஆட்சேபம் இல்லையென்றால் துண்டுப்பெயர்வை முதன்மைச் சொல்லாகவும் துண்டுமாற்றை அதன் வகையாகவும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம். ‘ஒட்டு மரபணு’வா ‘இணைவு மரபணு’வா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே சண்டை பெரிதாக இருக்கும்.

அன்புடன்.