உதவி: 1என்இசட் எஞ்சினுக்கு நானே செய்த விவிடி கொன்ட்ரோலர், சூடானால் ஐடிலில் ஆட்டம் போடுகிறது

ஓந்தாச்சிமடத்தான்
வணக்கம். அப்பாவின் 1988 கொரோலாவில் டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்ஈ எஞ்சின் ஒன்றை ஏற்றியிருக்கிறேன். எஞ்சின் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தது, கொம்பியூட்டர் இல்லாமல்தான் வந்தது. பெற்றோலையும் ஸ்பார்க்கையும் பழைய ஸ்டாண்டலோன் ஈசியு (தனியாக விற்கும் எஞ்சின் கொம்பியூட்டர்) ஒன்று பார்த்துக்கொள்கிறது. அதில் விவிடிக்கு (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை ஒயில் அழுத்தத்தால் முன்னே பின்னே திருப்பும் அமைப்பு) வயர் கிடையாது. அதனால் இன்டேக் கேமின் ஒயில் கொன்ட்ரோல் வால்வை ஓட்ட ஒரு ஆர்டுவினோ நானோவும் (புரோகிராம் எழுதக்கூடிய சின்னப் போர்ட்) கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்க ஒரு மொஸ்ஃபெட்டும் சோப்புப் பெட்டிக்குள் வைத்து டாஷ்போர்டுக்குக் கீழே கட்டியிருக்கிறேன். கிராங்க் சென்சரையும் கேம் சென்சரையும் தனிச் சிப் வழியாக நானோ வாசிக்கிறது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தங்கம். கேமை 10 பாகை முன்னே போ என்றால் போய் நிற்கிறது. களுவாஞ்சிக்குடி தாண்டி ஆரையம்பதி வரும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மறுகா கல்லடியில் நிறுத்தி ஐடிலில் (காலை எடுத்து எஞ்சினைச் சும்மா ஓட) விட்டால் வண்டி நடுங்கத் தொடங்குகிறது. மடிக்கணினியில் பார்த்தால், இலக்கு 10 பாகை. உள்ளது 2, 19, 1, 21, 0, 18 என்று ஊஞ்சல் ஆடுகிறது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் அடங்கிவிடுகிறது. ஒயில் பம்ப் போய்விட்டதா? எஞ்சினைத் திரும்ப இறக்க எனக்குத் தெம்பில்லை.

காத்தான்குடி கராஜ்
தம்பி, பம்பைக் கழற்றுவதற்கு முதல் சின்ன வேலையைப் பாருங்கள். ஹெட்டில் ஒரு போல்ட்டுக்குப் பின்னால் அந்த வால்வுக்கென்றே சல்லடை மாதிரி ஒரு பில்டர் இருக்கிறது. பாவித்த எஞ்சின்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். கரி அடைத்தால் சூட்டில் இப்படித்தான் தடுமாறும். என்ன ஒயில் ஊற்றினீர்கள்? அதற்கு 5டபிள்யூ-30 போதும். பழைய எஞ்சின் என்று சொல்லித் தடிப்பானதை ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: எஞ்சின் நம்பர் மாறியதை வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிந்தீர்களா?

வயரிங் வாத்தியார்
ஐடிலில் எதற்கு 10 பாகை? கம்பனி ஈசியுவே ஐடிலில் இன்டேக் கேமை முழுக்கப் பின்னுக்குத்தான் வைத்திருக்கும். முன்னே தள்ளினால் இன்டேக்கும் எக்ஸோஸ்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடும், எரிந்த புகை திரும்ப உள்ளே வரும், நடுங்கும். சூட்டில் ஒயில் அழுத்தமும் ஐடிலில் குறைவு. அந்த நேரம் கேமைப் பிடித்து வைக்கச் சொல்வதே அநியாயம்.

ஓந்தாச்சிமடத்தான்
காக்கா, ஒயில் 5டபிள்யூ-30தான். புத்தக வேலை நடக்கிறது. பில்டர் இருப்பதே இன்றுதான் தெரியும், கழற்றிப் பார்க்கிறேன்.

வாத்தியார் சொல்வது சரி, ஐடிலில் 0 என்று வைத்துவிடலாம். ஆனால் அது நோயை மூடி வைப்பதுபோல. சந்தியில் 1000, 1200 ஆர்பிஎம்மில் ஊரும்போதும் கொஞ்சம் ஆடுகிறது. ஏன் என்று தெரிய வேண்டும்.

ஒலுவில் பொறியியல்
அண்ணா, நாலு கேள்வி. கேமைப் பிடித்து வைக்க எத்தனை வீதம் டியூட்டி (வால்வுக்குக் கரண்ட் போகும் நேரத்தின் பங்கு) கொடுக்கிறீர்கள்? கெயின் (ஒரு பாகைப் பிழைக்கு எவ்வளவு திருத்துகிறீர்கள்) எவ்வளவு? கணக்கை எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஓட்டுகிறீர்கள்? கடைசியாக, முதல் நாள் எழுதிய எண்களா இவை, பிறகு மாற்றினீர்களா?

ஓந்தாச்சிமடத்தான்
நடுநிலை 50 வீதம். ஒவ்வொரு பாகைப் பிழைக்கும் 6 வீதம் கூட்டிக் குறைக்கிறேன். 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. நாலாவதற்கு உண்மையைச் சொல்கிறேன்: முதலில் பாகைக்கு 1.5 வீதம்தான் வைத்திருந்தேன். அப்போது ஆட்டம் இல்லை. ஆனால் சூடானதும் இலக்கு 20 என்றால் 12இல் போய் நின்றுவிடும், ஏறாது. அதனால்தான் 6 ஆக்கினேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஒலுவில் பொறியியல்
நோய் அங்கேதான். ஆட்டம் அதற்கு நீங்கள் கொடுத்த மருந்தால் வந்தது.

வால்வின் உள்ளே ஒயிலின் வழியை மாற்றும் ஸ்பூலை நகர்த்துவது டியூட்டி இல்லை, கரண்ட். கொயிலின் தடையைக் குளிரிலும் சூட்டிலும் அளந்து பாருங்கள். செப்புக் கம்பியின் தடை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் சூட்டுக்கும் ஏறக்குறைய 4 வீதம் ஏறும். குளிரில் கேமைப் பிடித்து வைத்த அதே 50 வீதம், சூட்டில் போதாது. ஸ்பூல் பின்வாங்கும் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 8 பாகைப் பிழை தேவைப்பட்டது. 8 தர 1.5 என்றால் 12 வீதம். அதாவது சூட்டில் நடுநிலை 62 வீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். அளந்து சொல்லுங்கள், நான் சொல்வது பொருந்துகிறதா பார்ப்போம்.

இப்போது ஆட்டம். உங்கள் கேமில் சென்சர் வாசிக்க 3 பல். 700 ஆர்பிஎம்மில் கேம் நிமிடத்துக்கு 350 தடவைதான் சுற்றும், ஆகவே செக்கனுக்குப் பதினேழரைப் பல். சராசரியாக 57 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் கேம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களோ 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தீர்ப்புச் சொல்கிறீர்கள்! ஒரே பழைய செய்தியை வைத்து ஐந்தாறு தடவை. அதுவும் பாகைக்கு 6 வீதம் என்றால், 10 பாகைப் பிழைக்கு வால்வ் ஒரு பக்கமாக முழுக்கத் திறந்துவிடும். அடுத்த பல் வருவதற்குள் கேம் இலக்கைத் தாண்டிப் போயிருக்கும். 2500 ஆர்பிஎம்மில் 16 மில்லிசெக்கனுக்கு ஒரு பல், அதனால்தான் அங்கே அடங்குகிறது. காலையில் ஒயில் தடிப்பு, கேம் மெல்ல நகரும், அதனால் பிழை வெளியே தெரிவதில்லை.

வயரிங் வாத்தியார்
நல்ல கணக்கு. நான் வயரிங் பிழை என்று அடித்துச் சொல்ல இருந்தேன், வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் மொஸ்ஃபெட்டுக்குப் பக்கத்தில் கொயிலுக்குக் குறுக்கே டயோட் போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் கரண்ட்டை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் வோல்ட் உதை விழும், அது சென்சர் வயரிலும் கேட்கும்.

செங்கலடி சில்வர்டொப்
இதெல்லாம் எதற்கு? 1991இல் வந்த டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ 20 வால்வ் எஞ்சினில் விவிடி ஒன், ஓஃப் இரண்டுதான். ஒரு ரிலேயும் ஒரு ஆர்பிஎம் சுவிட்சும் இருந்தால் முடிந்தது கதை. 1995இல் வந்த விவிடி-ஐதான் இடையில் எங்கேயும் நிறுத்தலாம் என்று தொடங்கித் தலைவலியைக் கொண்டுவந்தது. ஸ்பீடுயினோ போர்ட் ஒன்று வாங்கினால் பெற்றோல், ஸ்பார்க், விவிடி மூன்றையும் அதுவே பார்க்குமே.

ஓந்தாச்சிமடத்தான்
போர்ட் வாங்கலாம் அண்ணன், ஆனால் இருக்கிற ஈசியுவின் டியூனைத் திரும்ப முதலில் இருந்து செய்ய வேண்டும். அதைவிடச் சோப்புப் பெட்டியில் எனக்கு ஆசை வந்துவிட்டது.

டயோட் இருக்கிறது வாத்தியார். ஒரு பயமும் கேட்க வேண்டும்: புரோகிராம் பிழைத்துக் கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பினால் எஞ்சின் வால்வ் பிஸ்டனில் அடிக்குமா?

காத்தான்குடி கராஜ்
அடிக்காது தம்பி. அந்தக் கியருக்குள்ளேயே இரண்டு பக்கமும் முட்டு இருக்கிறது. கிராங்க் கணக்கில் 40 பாகை அளவுதான் மொத்தமே திரும்பும், உங்கள் நானோ தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் போகாது. செயினை மட்டும் குறி பார்த்துப் போட்டிருக்க வேண்டும். செயின் ஒரு பல் மாறினால் அது வேறு கதை.

ஓந்தாச்சிமடத்தான்
இரண்டு நாள் கழித்து வருகிறேன். அளவுகள் இதோ.

காலையில் கொயில் 7.4 ஓம். கல்லடி போய் வந்து, எஞ்சினை நிறுத்திய உடனே சொக்கட்டைக் கழற்றி அளந்தேன் (புறங்கையில் ஒரு கொப்புளம்), 9.1 ஓம். ஓடும்போது பெட்டரியில் 14.2 வோல்ட். குளிரில் 50 வீதத்துக்கு 0.96 அம்பியர் கிடைக்கிறது. சூட்டில் அதே 50 வீதத்துக்கு 0.78 மட்டும். 0.96 வேண்டுமென்றால் 61.5 வீதம். ஒலுவில் தம்பி சொன்ன 62! இரவில் ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடி 13.2க்கு இறங்கினால் 66 ஆகிறது.

மாற்றியவை: வோல்ட்டையும் எஞ்சின் சூட்டையும் வைத்து நடுநிலை டியூட்டியை ஒவ்வொரு தடவையும் கணக்கிடுகிறேன். தீர்ப்பு 10 மில்லிசெக்கனுக்கு இல்லை, கேம் பல் வந்தால் மட்டும். கெயின் திரும்ப 1.5. மிஞ்சிய சின்னப் பிழைக்கு மெல்லக் கூட்டும் ஒரு பகுதி சேர்த்தேன். 1100க்குக் கீழே இலக்கு 0, அப்போது அந்தக் கூட்டலையும் அழித்துவிடுகிறேன். அழிக்காமல் விட்ட முதல் முயற்சியில், ஐடிலில் இருந்து காலை வைத்ததும் கேம் 30 பாகைக்குப் பாய்ந்து என்னைப் பயமுறுத்தியது.

நேற்றுப் பின்னேரம் நல்ல வெயிலில் கல்லடிப் பாலம் வரை போனேன். 2500இல் இலக்கு 20, உள்ளது 19 முதல் 21. 1300இல் ஊரும்போது இலக்கு 8, உள்ளது 7 முதல் 10. ஐடிலில் டாஷ்போர்டில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை அசையவில்லை.

ஒலுவில் பொறியியல்
1300இல் அந்த 10 வரும்போது வோல்ட் என்ன என்று லொக்கில் பாருங்கள் அண்ணா. ஃபேன் நின்று வோல்ட் ஏறும் நேரமாக இருக்கும். வோல்ட் வாசிப்பைக் கொஞ்சம் வேகமாக்கினால் அதுவும் போகும்.

காத்தான்குடி கராஜ்
எல்லாம் சரி. பில்டர்?

ஓந்தாச்சிமடத்தான்
கழற்றினேன் காக்கா. பாதிச் சல்லடை கறுப்பாக அடைத்திருந்தது. ஆனால் அதைக் கழுவியது ஆட்டம் நின்றதற்கு அடுத்த நாள்.