அமிர்தி அருவியைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளை, மழைக்காலம் முடிவதற்குள் ஜவ்வாது மலையிலுள்ள அமிர்தி அருவிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். குளித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு அது முடிந்துவிடக் கூடாது. அந்தப் பாறை எப்படி உண்டானது, அந்த நீரை நம்பி எவை வாழ்கின்றன, அந்த மலையின் மக்கள் யார் என்பவற்றை அவள் வயதுக்கு ஏற்பச் சொல்லித்தர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1 (குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பாறையிலிருந்தே தொடங்குங்கள், அம்மா. ஜவ்வாது மலையில் பெருமளவில் இருப்பது சார்னோக்கைட் என்னும் பாறை. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்பவற்றுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அப்பாறை, மேலே கிடந்த அடுக்குகளெல்லாம் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டு நீங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. அதன் வெளித்தோல் பழுப்பேறியிருக்கும். புதிதாக உடைந்த பக்கமோ கரும்பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மின்னும். இரண்டையும் அவள் தொட்டுப் பார்க்கட்டும்.

இவ்வளவு கடினமான கல்லை நீர் எப்படி வெட்டியது என்று அவள் நிச்சயம் கேட்பாள். பாறையில் இயல்பாகவே உள்ள வெடிப்புகளுக்குள் நீர் புகுந்து, துண்டு துண்டாகப் பெயர்த்துப் படிகளை உண்டாக்குகிறது. பாறைத் தளத்தில் உரற்குழி போன்ற வட்டக் குழிகள் தென்பட்டால் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடியில் உருண்டையான கூழாங்கற்கள் கிடக்கும். வெள்ளத்தில் சுழன்று சுழன்று அந்தக் குழியைக் குடைந்தவை அத்தகைய கற்களே.

மறுமொழி 2 (ஆரணி)

உயிரினங்களைப் பார்க்க, அருவி விழும் இடத்தைவிடச் சற்றுக் கீழே, ஓடை மெதுவாக ஓடும் பகுதியே ஏற்றது. இலை படிந்த ஒரு கல்லை மெல்லப் புரட்டினால் தும்பியின் இளம்பருவப் பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் காணலாம். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். இது கோடையில் இலை உதிர்க்கும் காடு; ஓடையில் விழுந்து மட்கும் அந்த இலைகள்தான் இப்பூச்சிகளில் பலவற்றுக்கு ஆதாரம். சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைத் தயவுசெய்து கொண்டு செல்லாதீர்கள். சந்தன மரம் கண்ணில் பட்டால், அது தன் வேர்களால் பக்கத்து மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றிச் சத்தை உறிஞ்சி வளர்வது என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (ஜமுனாமரத்தூர்)

நான் இம்மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன்; எங்கள் தாய்மொழி தமிழே. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எங்களுக்கும் முன்பே இங்கு மனிதர்கள் வாழ்ந்ததற்குக் கல்திட்டைகளும் புதிய கற்காலக் கற்கோடரிகளும் சான்றாக உள்ளன. செங்கண்மாவிலிருந்து (இன்றைய செங்கம்) ஆண்ட நன்னன் என்னும் மன்னனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம், இப்பக்கத்து மலைகளின் அருவி ஒலியையும், வழிப்போக்கருக்கு உணவளித்த மலைக்குடிகளையும் விரித்துரைக்கிறது. அப்பகுதியை அவளுக்குக் கதையாகச் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள், சகோதரி. எங்களை மறைந்துபோன காலத்து மக்களாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளும் அதே ஐந்தாம் வகுப்புப் பாடநூலைத்தான் படிக்கிறார்கள். சாமை பயிரிடுவதும், புளி, கடுக்காய், தேன் சேகரிப்பதும் இன்றும் எங்கள் பிழைப்பு. அனுமதி கேட்காமல் வீடுகளையும் வழிபாட்டு இடங்களையும் படம் எடுக்க வேண்டாம். நேரம் இருந்தால் மலைமேல் ஜமுனாமரத்தூர் வரை வந்து, சாமை வாங்கும் இடத்தில், உமி எப்படி நீக்குகிறார்கள், எந்த மாதத்தில் விதைக்கிறார்கள் என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பாட்டிமார் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். மலையில் கனமழை பெய்த நாளில் மட்டும் ஓடைக்குள் இறங்காதீர்கள். கீழே வெயில் அடித்தாலும் வெள்ளம் திடீரென்று வரும்.