இரவு ஷிஃப்ட் நர்ஸ்களிடம் கார்டிசால் எடுக்க எது சரியான நேரம்?

கேள்வி: நர்ஸ்களின் மன அழுத்தத்தை உமிழ்நீரில் உள்ள கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை வைத்து அளக்கப் போகிறோம். காலை 8 மணிக்கு ஒரு மாதிரி போதுமா?

பதில் 1: போதவே போதாது. இரவு ஷிஃப்ட் முடித்தவருக்கு 8 மணி படுக்கப் போகும் நேரம். கடிகாரத்தை விடுங்கள், விழித்த பிறகு கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கண் விழித்ததும் ஒன்று, 30ஆம் நிமிடம் ஒன்று, 45ஆம் நிமிடம் ஒன்று. குறைந்தது இரண்டு நாள். வேலை நாளையும் விடுமுறை நாளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பதில் 2: பெரும்பாலும் கெடுவது விழித்ததும் எடுக்கும் முதல் மாதிரிக் குழாய்தான். விழித்த பிறகு கால் மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு எடுத்தால், அதற்குள் கார்டிசால் ஏறத் தொடங்கியிருக்கும். ஏற்றம் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து 'பர்ன்அவுட்' (வேலையால் வரும் தீராத சோர்வு) என்று எழுதிவிடுவோம், பாவம் அந்த நர்ஸ்! குழாயைத் தலையணைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் எடுத்து முடிக்கும்வரை காபி, சிகரெட் வேண்டாம். பல் தேய்க்கவும் கூடாது, ஈறு ரத்தம் கலந்தால் அளவு கூடிவிடும். மாதிரிகளை மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, உருகியதும் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சுற்றினால் சளி அடியில் தங்கிவிடும்.

பதில் 3: ஸ்டீராய்டு இன்ஹேலர், கருத்தடை மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவை கார்டிசால் அளவை மாற்றிவிடலாம். மாதக்கணக்கான அழுத்தம் தெரிய வேண்டுமென்றால் முடிதான் நல்லது. உச்சந்தலையின் பின்புறம், தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கைச் சொல்லும். சாயம் பூசிய முடியைத் தனியே குறித்துவையுங்கள்.